மோர் வேணுமாம்

சுகிர்தாவின் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசி ஏழு வருஷம் ஆகிறது. "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்கப்பாகிட்ட கேளு" என்று எல்லாம் அவள் வழியாகத்தான் போகும், வரும். 'சனியன்' போன்ற சொற்களை வழியிலேயே உதிர்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்க எட்டு வயதிலேயே பழகியிருந்தாள். இப்போது அவளுக்குப் பதினைந்து.

ஞாயிற்றுக்கிழமை, வகுப்புத் தோழி பெனிட்டா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பெனிட்டாவின் அப்பா தன் மனைவியைப் பார்த்து, "கொஞ்சம் மோர் ஊத்து" என்றார். சுகிர்தா சட்டென்று அந்த அம்மா பக்கம் திரும்பி, "அவங்களுக்கு மோர் வேணுமாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். "எனக்கும் கேட்டுச்சும்மா" என்று மெல்லச் சொல்லி அந்த அம்மா மோரை ஊற்றினார். அதன்பிறகு சுகிர்தாவின் கை சோற்றில் அப்படியே இருந்தது. ஒருவர் வாயிலிருந்து கிளம்பிய பேச்சு, நடுவில் ஆளே இல்லாமல், மேசையைத் தாண்டி இன்னொருவர் காதில் போய் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில், அம்மா அடுப்படியில் நாலு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "தலைவலி மண்டையப் பொளக்குது, ஒரு காபி வேணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். சுகிர்தா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சு தானாக எவ்வளவு தூரம் போகிறதென்று பார்க்க, சுவரோரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டாள்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.