கஞ்சிக்கு முன் ஒரு ஜெபம்

குரோம்பேட்டை வீட்டின் ஜன்னல் கம்பிகளுக்கிடையே மாலை வெயில் சாப்பாட்டு மேசைவரை வந்து கிடக்கிறது. தொண்ணூறைத் தாண்டிய யோஹன்னா கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் சூடா வேணுமா அத்தை?" என்று மருமகள் டெபோரா கேட்கிறாள். பதில் டச்சு மொழியில் வருகிறது. ஹாலந்திலிருந்து தாம்பரத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து, லாசரஸைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவள். ஆஸ்பத்திரி ஆயாக்களிடம் தமிழ் கற்றவள். "இன்னாப்பா, கத்திரிக்கா வாடிப்போய் கீது?" என்று வெள்ளைக்காரி அதட்டினால் காய்க்காரன் வாய்விட்டுச் சிரிப்பான். போன மழைக்காலத்தில் கீழே விழுந்ததிலிருந்து அந்தத் தமிழ் எங்கேயோ போய்விட்டது. தன்னை யாரென்று அத்தைக்குத் தெரிகிறதா என்பதுகூட டெபோராவுக்குத் தெரியவில்லை. அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மின்சார ரயில் கடந்துபோகிறது. மேசைமேல் தட்டுகள் மெல்ல அதிர்ந்து அடங்குகின்றன. யோஹன்னா ஜெபத்துக்காகக் கை நீட்டுகிறாள். மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்து டெபோரா கொடுக்கிறாள். இன்றும் புரியாத ஜெபம்தான் என்று கண்ணை மூடுகிறாள். "ஆண்டவரே, இந்தக் கஞ்சிக்கு ஸ்தோத்திரம்" என்கிறது கரகரத்த குரல். டெபோரா கண்ணைத் திறந்து அத்தையைப் பார்க்கிறாள். "எம் பொண்ணு டெபோராவுக்கு மொழங்கால் வலிக்குது. யாராண்டயும் சொல்ல மாட்டேங்கறா. நீர்தான் பாத்துக்கணும். ஆமென்." கண்ணைத் திறந்த யோஹன்னா டச்சில் ஏதோ முணுமுணுத்தபடி ஸ்பூனைத் தேடுகிறாள். டெபோரா இன்னும் ஆமென் சொல்லவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.