நத்தையின் ரூம் வாடகை

ஆபீஸ் வேலையாக அடுத்த குளத்துக்குப் போய்வந்த நத்தை, அங்கே தங்கியதற்குக் கைக்காசில் கொடுத்த ரூம் வாடகையைக் கேட்டது. கணக்கு பார்க்கும் நண்டு கண்ணை நீட்டியது.

“முதுகிலயே வீடு இருக்கு. உமக்கு எதுக்குய்யா ரூம்?”

அட, இது நமக்குத் தோன்றவே இல்லையே என்று நத்தைக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த தடவை போனபோது, சமர்த்தாகத் தன் ஓட்டுக்குள்ளேயே முடங்கிப் படுத்தது. திரும்பி வந்து பயணப்படி மட்டும் கேட்டது.

“ரூம் பில் இல்லாம, நீர் அங்க போனீர்னு எப்படிய்யா நம்புறது?” என்றது நண்டு.

நத்தை சளைக்கவில்லை. தான் ஊர்ந்த வழியெல்லாம் பளபளத்த கோட்டைப் பெருமையாகக் காட்டியது.

நண்டு பக்கவாட்டில் நடந்துபோய்ப் பார்த்தது. “இது போன கோடா, வந்த கோடா?”

நத்தை கொம்பை நீட்டி உற்றுப் பார்த்தது. தானே போட்ட கோடுதான். ஆனாலும் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.