கோணாத சீப்பு

1957-இல் கிருஷ்ணகிரியில் சென்னப்பன் பிளாஸ்டிக் சீப்புப் பட்டறை தொடங்கினார். நான்கு கைமெஷின்கள், நான்கு பெண்கள். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் இறங்கியதும், சரியான நேரத்தில் அச்சைத் திறக்க வேண்டும். முந்தினால் சீப்பு கோணும். பிந்தினால் பல் உடையும். "இன்னொரு தடவை கோணல் சீப்பு வந்தால் ஆர்டர் கிடையாது" என்று பெங்களூர்க் கடைக்காரர் எழுதிவிட்டார்.

நால்வரில் முனிலட்சுமியின் சீப்புகள் மட்டும் ஒன்றுகூடக் கோணவில்லை. சென்னப்பன் கடிகாரத்தோடு நின்று பார்த்தார். ஒவ்வொரு முறையும் சரியாக இருபது வினாடி!

"எப்படிம்மா?"

"மனசுக்குள்ள ஒண்ணு சொல்லுவனுங்க. முடிஞ்சதும் தொறந்துடுவேன்."

"சாமி மந்திரமா? மத்தவங்களுக்கும் சொல்லிக்குடு."

"அவங்களுக்கும் தெரியுமுங்க. பாதியிலயே சிரிச்சுடறாங்க."

"அப்படி என்ன மந்திரம்? எனக்கும் சொல்லு."

"வேண்டாமுங்க மொதலாளி."

"அட, சொல்லும்மா!"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நேரத்துக்குச் சோத்துக்கு விடாத சென்னப்பா, உன் மண்டையில இடி விழ..." என்று தொடங்கி, அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து முடித்தாள்.

மற்ற மூன்று பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சென்னப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே நேரத்துக்குச் சோத்துக்கு விடறேன். ஆனா திட்டறதுல ஒரு வார்த்தை குறையக் கூடாது. யாரும் நடுவுல சிரிக்கவும் கூடாது!"