மூன்றாம் வகை

"மேடம், அந்த ஆள் மறுபடியும் லைன்ல இருக்கார். முடிவு வந்தாச்சான்னு காலையிலேருந்து உயிரை எடுக்கறார்," என்றாள் போன வாரம் வேலைக்குச் சேர்ந்த உதவியாளர், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு.

ஆய்வாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு நோயாளியின் ரத்தத்தில் கிடைத்த கிருமியின் சோதனை முடிவு அதில் இருந்தது. அந்தக் கிருமி, உயிர் வாழத் தேவையான அமினோ அமிலத்தை ஒரு நொதியை வைத்துத் தானே தயாரித்துக்கொள்ளும். அந்த நொதி, இருக்கும் மூன்று வகைகளில் முதல் இரண்டில் ஒன்றாக இருந்தால், அதை முடக்கிக் கிருமியைக் கொல்ல மருந்து உண்டு.

"மூணு தடவை பார்த்துட்டேன். மூணாவது வகைதான்."

"அப்போ மருந்து?"

"கிடையாது."

உதவியாளருக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், நோயாளிக்குச் சொந்தக்காரர் போல. சோதனை இன்னும் முடியலன்னு சொல்லிடட்டுமா? நொதி, வகையெல்லாம் அவருக்கு என்ன புரியப்போகுது?"

"குடு, நானே பேசறேன்."

ரிசீவரை வாங்கிக் குரலைச் சரிசெய்துகொண்டாள். "இன்னும் முடியலைங்க. நாளைக்குத் தெரிஞ்சிடும்."

மறுமுனையில் நெடுநேரம் இருமல் கேட்டது.

"மூணாவது வகையா?"

அவள் திரையை அணைத்தாள்.

"ஆறு வருஷம் உட்கார்ந்து அந்த நொதிகளை மூணு வகையாப் பிரிச்சவனே நான்தானே? என்கிட்டயேவா மறைப்பே?" என்றார், பத்து நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அவள் கணவர்.