சிவப்பு வட்டம்

மத்தியானத்திலேயே மூடுபனி தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. சீனி வியாதியில் செத்துப்போன கணேசமூர்த்திக்கு எட்டாம் நாள் படையல். அவருக்குப் பிடித்த பொரித்த கோழியையும் திறக்காத சோடாப் போத்தலையும் படத்துக்கு முன்னால் வைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, மனைவி நாகலெட்சுமியும் மகள் ஷாமிலாவும் வெளியே நிற்கிறார்கள். "ஏம்மா, செவப்பு வட்டம் போட்ட போத்தலயே வச்சீங்க?" என்கிறாள் மகள். "அதுதானே நல்ல சாமானுக்குப் போடுற முத்திரை? ஒங்கப்பாவுக்குப் பாத்துப் பாத்து எப்பவும் அதத்தான் வாங்குவேன்." "இல்லம்மா. சீனி ரொம்பக் கூடன்னு காட்டத்தான் அதப் போடுறாங்க." ஆளில்லாத அறைக்குள் போத்தல் மூடி திருகப்படுகிறது, காஸ் சீறுகிறது. நாகலெட்சுமி கதவில் வாயை வைத்து, "வேணாங்க, குடிக்காதீங்க" என்று கெஞ்சுகிறாள். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் ஒரு கணம் நிற்கிறது. பிறகு மறுபடியும் கேட்கிறது.