சத்தம் போடாத நாற்காலி

மசாத்தேப்பே ஊரின் சாலையோரக் கடையில் விற்காமல் மிஞ்சிக் கிடந்தது அந்த ஒரே சாய்ந்தாடும் நாற்காலி. உட்கார்ந்து ஆடினால் கிரீச்சிடும் என்பதால் எல்லாரும் அதை ஒதுக்கினார்கள். அன்று காலையில்தான் கடைக்காரன் எலியேசர் மூட்டுகளில் சோப்பைத் தேய்த்து அதன் வாயை அடைத்திருந்தான்.

வாங்க வந்த ரோசௌரா லேசுப்பட்டவள் இல்லை. நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தாள். கால்களைத் தட்டினாள். மூட்டை மோந்தும் பார்த்தாள்.

“சோப்பு வாசனை அடிக்குதே தம்பி?”

“துடைச்சு வெச்சேன்க்கா.”

அவள் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு ஆடினாள். பிறகு வேகமாக ஆடினாள்.

“சத்தமே வரலையே?” அவள் முகம் சுருங்கியது.

“மாதா மேல சத்தியமாச் சொல்றேன்க்கா. நாம மண்ணாப் போனாலும் இது சத்தம் போடாது.”

“அப்ப வேணாம்.” எழுந்துவிட்டாள்.

“ஏன்க்கா, என்ன குறை?”

“எங்கம்மாவுக்கு வயசாகி ஞாபகமெல்லாம் போச்சு. அவங்க ஆடுற நாற்காலி கிரீச்சிடுற வரைக்கும் நான் நிம்மதியா ரொட்டி தட்டுவேன். சத்தம் நின்னா, எந்திரிச்சிட்டாங்கன்னு ஓடுவேன். அந்த நாற்காலி உடைஞ்சுபோச்சு. நேத்து ஸ்டூல்ல உக்கார வெச்சேன். எப்ப எந்திரிச்சாங்கன்னே தெரியல, நடுரோட்டுல லாரிக்கு முன்னால நின்னாங்க.”

எலியேசர் வாயைத் திறந்தான். மாதா மேல் செய்த சத்தியம் மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது.

அவள் சாலையைக் கடந்தாள். சற்று நேரத்தில் எதிர்க்கடையில் ஒரு நாற்காலி கிரீச்சென்று அலறியது.

“இதுதான் நல்ல நாற்காலி” என்று அவள் சொன்னது இங்கே வரை கேட்டது.