ஜனீன் போட்ட டிக்

அரசாங்கம் அனுப்பிய கருத்துக்கேட்புப் படிவத்தில் ஜனீன் 'வேண்டாம்' என்று டிக் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவள் கணவன் க்ளெனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தும் தேர்வை இனி பயிற்சிப் பள்ளிகளே நடத்தலாமா என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தின் டான்காஸ்டரில் ஜனீனைப் போல லாரிப் பள்ளி வைத்திருக்கும் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

"அந்த எக்ஸாமினர் பேரி இந்தப் பக்கம் வராம போயிடுவானேன்னு கவலையா?" என்றான்.

"வாய மூடிட்டு டீயக் குடி."

"இல்ல, போட்டிப் பள்ளிக்காரன் எவனாவது காதுல ஓதினானா?"

"நீ என்ன போட்ட?"

"வேணும்னுதான். டிரைவர் இல்லாம நாடே தவிக்குதே!"

"நாட்டு மேல அவ்ளோ அக்கறையா?"

"பேச்ச மாத்தாத. எதையோ மறைக்கற."

ஜனீன் பேனாவை வைத்தாள்.

"ரிவர்ஸ் டெஸ்ட்ல அஞ்சு தடவையும் நீ கோனை இடிச்ச, பேரி ஃபெயில் போட்டான். அவனத் திட்டிக்கிட்டே வந்து என் தோள்ல சாஞ்சுக்கிட்ட. ஆறாவது தடவை நானே ஃபெயில் போட்டா, யார் தோள்ல போய்ச் சாய்வ, செல்லம்?"